படிப்பா, பயிற்சியா, வேலையா: மனநோயோடு வாழும் இளையோருக்கு டர்பனில் உள்ள வழிகள்

"பிள்ளைக்கு இப்போது பரவாயில்லை, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். இனிப் படிக்க அனுப்பலாமா, வேலைக்கு அனுப்பலாமா, இல்லை இன்னும் ஒரு வருடம் வீட்டிலேயே இருக்கட்டுமா?" சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இந்தக் கேள்வி பதிலில்லாமல் நிற்கிறது. அப்பாவுக்குப் பட்டம் வேண்டும், அம்மாவுக்கு நிம்மதி வேண்டும், பாட்டிக்குக் கல்யாணக் கவலை. பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கடைசியில்தான் கேட்கிறார்கள், சில வீடுகளில் அதுவும் இல்லை.

இந்த வயதில் இந்தச் சிக்கல் வருவது தற்செயலன்று. அமெரிக்காவில் நடந்து 2005இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் மனநோய் காண்பவர்களில் பாதிப் பேருக்கு 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் அது தொடங்கிவிடுகிறது. பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக், கல்லூரி முதலாண்டு, முதல் வேலை ஆகிய மூன்றும் வரிசைகட்டி வருகிற அதே ஆண்டுகளில்தான் நோயும் வருகிறது. இதோடு தென்னாப்பிரிக்காவில் 15 முதல் 24 வயது வரையுள்ளவர்களில் வேலை தேடுவோரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வேலையின்றி இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நோயில்லாத பிள்ளைக்கே எளிதல்லாத ஒரு தேர்வு இது என்பது புரியும்.

## எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலான குடும்பங்கள் முதலில் பார்ப்பது பட்டத்தின் மதிப்பையும் சம்பளத்தையும். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: ஆறு வாரம் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால், திரும்பி வரும்போது அந்த இடம் அங்கே இருக்குமா? மனச்சிதைவும் இருமுனைக் கோளாறும் மீண்டும் தலைகாட்டக்கூடிய நோய்கள். கடும் மனச்சோர்வும் பலருக்கு அப்படித்தான். நோய் இனித் திரும்பவே திரும்பாது என்ற நம்பிக்கையில் போடப்படும் திட்டம் முதல் சறுக்கலிலேயே கட்டணப் பாக்கியாகவோ, பாதியில் விட்டவன் என்ற பெயராகவோ முடிகிறது. இடைவெளி விழும் என்று எதிர்பார்த்தே போடப்படும் திட்டத்தில் அதே சறுக்கல் ஒரு பருவத்து இழப்போடு நின்றுவிடும். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் நான் முதலில் இந்த அளவுகோலால்தான் பார்க்கிறேன்.

அடுத்தது நாளின் நேரம். ஓலான்சபின், க்வெடியாபின் போன்ற மாத்திரைகளை இரவில் எடுப்பவர்கள் பலருக்குக் காலையில் வெகுநேரம் தலை தெளிவதில்லை. எட்டு மணி வகுப்பும் ஏழு மணி ஷிப்டும் அவர்களுக்குச் சோம்பலைப் பற்றிய கேள்வி அல்ல. க்ளோசபின் எடுப்பவர் முதல் 18 வாரங்கள் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் இரத்தப் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவருக்கு அது பாதி நாளைத் தின்றுவிடும்.

மூன்றாவது பணம்: கட்டணம் மட்டுமன்று, எதைத் தொட்டால் எந்த உதவித்தொகை நிற்கும் என்பதும். நான்காவது, நோயைப் பற்றி யாரிடம் எவ்வளவு சொல்ல வேண்டியிருக்கும் என்பது. சிறிய ஊரில், ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள் நடுவில், இது சிறிய விஷயமல்ல. கடைசியாக, பிள்ளையின் விருப்பம். இதை மரியாதைக்காகச் சேர்க்கவில்லை. தான் தேர்ந்தெடுத்த வேலையில் ஒருவர் நீடிப்பதற்கும், தனக்காகப் பிறர் தேர்ந்தெடுத்த வேலையில் நீடிப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

## முழுதும் குணமாகும்வரை வீட்டில் இருப்பது

இதை யாரும் ஒரு தேர்வாக எண்ணுவதில்லை, ஆனால் அதிகக் குடும்பங்கள் எடுக்கும் தேர்வு இதுதான். முதலில் நோய் முழுதும் தீரட்டும், பிறகு கொஞ்சம் பழகட்டும், அதன்பிறகு வேலை என்ற படிவரிசை கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. மருத்துவர்களில் பலரும் நீண்ட காலம் அப்படித்தான் சொன்னார்கள். ஆய்வுகள் இதற்கு எதிராக நிற்கின்றன.

அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் 1990களில் உருவாக்கிய ஆதரவு வேலை முறை, பயிற்சிக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் பழக்காமல், வேலை வேண்டும் என்று கேட்பவரை விரைவிலேயே சாதாரண வேலையில் அமர்த்தி, அதன்பிறகும் விடாமல் துணைநிற்கும் முறை. லண்டன், சூரிச், சோஃபியா உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய இடங்களில் கடும் மனநோயுள்ள 312 பேரிடம் இதைச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஆதரவு வேலை பெற்றவர்களில் சுமார் 55 விழுக்காட்டினர் வேலைக்குப் போயிருந்தார்கள். 'முதலில் பயிற்சி, பிறகு வேலை' என்ற வழியில் போனவர்களில் அது சுமார் 28 விழுக்காடு. வேலை கிடைத்தால் நோய் முற்றும் என்ற அச்சமும் மெய்ப்படவில்லை. மருத்துவமனையில் மீண்டும் சேர்க்கப்படுவது பயிற்சிக் குழுவில்தான் அதிகம். மெல்போர்னில் முதன்முறை மனப்பிறழ்வு கண்ட இளையோர் 41 பேரிடம் செய்து 2008இல் வெளியான சிறிய ஆய்வில், இந்த ஆதரவைப் பெற்ற 20 பேரில் 13 பேருக்கும், பெறாத 21 பேரில் 2 பேருக்கும் வேலை கிடைத்தது.

ஆகவே காத்திருப்பதற்கும் செலவு உண்டு, அது பில்லில் வராது என்பதுதான் வேறுபாடு. இரண்டு ஆண்டுகள் பகலில் தூங்கி இரவில் விழித்திருந்த பிள்ளைக்கு நாளின் ஒழுங்கு குலைந்துபோகிறது, நண்பர்கள் கலைந்துபோகிறார்கள், விண்ணப்பத்தில் எழுத ஒன்றுமில்லாமல் போகிறது. காத்திருப்பது சரியாகும் நேரமும் உண்டு: மருத்துவமனையிலிருந்து வந்த முதல் சில வாரங்கள், மருந்தின் அளவை இன்னும் மாற்றிக்கொண்டிருக்கும் காலம், தற்கொலை எண்ணம் தீராத காலம். அப்போதும் காத்திருப்பதற்கு ஒரு தேதி வேண்டும்.

தைப்பூசக் காவடி முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காவடி வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான் கல்லூரிப் பதிவும் நடந்து முடிகிறது. இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

## முழுநேரப் பல்கலைக்கழகம்

க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகமும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நம் குடும்பங்களின் முதல் ஆசை. வெஸ்ட்வில் வளாகம் முன்பு இந்தியர்களுக்கென்றே இருந்த பல்கலைக்கழகத்தின் வளாகம் என்பதால் தாத்தா காலத்துப் பற்றும் சேர்ந்துகொள்கிறது. நண்பர்கள், நூலகம், மாணவர் ஆலோசகர், ஊனமுற்ற மாணவர்களுக்கான உதவிப் பிரிவு எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது இதன் பலம். அந்தப் பிரிவில் முதல் வாரத்திலேயே பதிந்துகொண்டால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். நோயால் எழுத முடியாமற்போன தேர்வுக்கு மருத்துவச் சான்று கொடுத்துச் சிறப்புத் தேர்வு எழுதலாம். பதியாமல் இருந்துவிட்டுத் தோற்றபிறகு போனால் கதவு அவ்வளவு எளிதாகத் திறப்பதில்லை.

மறைந்த செலவு, அகலக்கால் வைப்பதில் இருக்கிறது. முழுப் பாடச்சுமையை எடுக்காவிட்டால் நிதியுதவிக்கும் விடுதிக்கும் சிக்கல் வரலாம். எடுத்தால் ஒரு பருவம் நோயில் போகும்போது நான்கைந்து பாடங்கள் ஒன்றாகக் கவிழ்கின்றன. அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ் ஒரு மாணவருக்கு இத்தனை ஆண்டுகள் என்று கணக்கு வைத்திருக்கிறது. பாதியில் நின்ற ஆண்டும் அந்தக் கணக்கில் சேரக்கூடும். ஆகவே நோய் திரும்பியதும் வீட்டார் செய்ய வேண்டிய முதல் காரியம், வகுப்புக்குப் போகாமல் விடுவது அல்ல, துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் இடைநிறுத்தம் கேட்பது. எழுதிக் கொடுத்துவிட்டு நின்ற மாணவருக்குத் திரும்பி வரும் வழி இருக்கிறது. சொல்லாமல் மறைந்தவருக்குத் தோல்வி மதிப்பெண்களும் கட்டணப் பாக்கியும்தான் மிஞ்சுகின்றன.

அதே திட்டத்தில் நமக்குச் சாதகமான ஒரு விதி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டுக்குள் இருந்தால்தான் நிதியுதவி என்பது பொதுவிதி, ஊனமுற்ற மாணவருக்கு அந்த வரம்பு 6,00,000 ரேண்ட். நீண்டகால மனநோயும் இந்த வகையில் வரக்கூடும் என்பதை அறியாமலே பல குடும்பங்கள் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகின்றன.

நோய் ஓராண்டாவது அடங்கியிருக்கிறது, படிப்பில் பிள்ளைக்கு உண்மையான ஆர்வம் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வர முடிகிறது என்றால் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

## யூனிசா வழித் தொலைநிலைப் படிப்பு

1946 முதல் அஞ்சல்வழி கற்பித்துவரும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமான யூனிசா, காகிதத்தில் பார்த்தால் நம் முதல் அளவுகோலுக்கு மிகப் பொருத்தமானது. பாடம் பாடமாகப் பதியலாம், பாடம் பாடமாகவே கட்டணம். ஒரு பருவம் போனால் போனது அந்த ஒன்றிரண்டு பாடங்கள் மட்டுமே. தேறிய பாடங்கள் கணக்கில் நிற்கும், யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. நிதியுதவியை நம்பியிருப்பவர் மட்டும், மிகக் குறைந்த பாடங்களுக்கு அது கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் தனிமைதான் இதன் விலை. எழுப்பிவிட வகுப்பு இல்லாத பிள்ளையின் அறைக்கதவு மத்தியானம்வரை சாத்தியே இருக்கிறது. 'படிக்கிறான்' என்று வீடு நம்பிக்கொண்டிருக்கிறது. ஒப்படைப்புத் தேதி போனபிறகுதான் தெரியவருகிறது. மனச்சோர்வு உள்ளவருக்கும், கட்டிலைவிட்டு எழுவதே வேலையாக இருப்பவருக்கும், நான் இதைத் தனியாகப் பரிந்துரைக்கமாட்டேன். வாரத்தில் மூன்று நாள் பகுதிநேர வேலையோடு ஒரு பாடம், அல்லது ஊர் நூலகத்தில் ஒரே மேசையில் குறிப்பிட்ட நேரம் என்று ஏற்பாடு செய்தால் நிலைமை வேறு.

மெட்ரிக்கே முடியவில்லை என்றால் அதை முதலில் பார்க்க வேண்டும். 2016இல் தொடங்கிய இரண்டாம் வாய்ப்பு மெட்ரிக் திட்டம் மூலம் தோற்ற பாடங்களை மட்டும் மீண்டும் எழுதலாம். 21 வயது தாண்டியவருக்கு மெட்ரிக்குக்கு இணையான 'அமெண்டெட் சீனியர் சர்டிஃபிகேட்' உண்டு. பதினொன்றாம் வகுப்போடு நின்ற 23 வயதுப் பெண்ணைப் பள்ளிச் சீருடையில் மீண்டும் உட்கார வைக்கத் தேவையே இல்லை.

## டிவெட் கல்லூரி

நாட்டிலுள்ள 50 அரசுத் தொழிற்கல்லூரிகளில் தெக்வினியும் கோஸ்டலும் டர்பன்காரர்களுக்குப் பக்கம். 'அங்கேயா அனுப்புகிறீர்கள்' என்று உறவினர் முகம் சுளிப்பதைத் தவிர்த்துப் பார்த்தால், இதன் கட்டமைப்பில் நமக்கு உதவும் ஒன்று இருக்கிறது. என்4 முதல் என்6 வரையான நிலைகளில் வரும் வணிகப் படிப்புகள் ஆறு ஆறு மாதங்களாகப் பிரிக்கப்பட்டவை. ஒரு கட்டத்தை முடித்துவிட்டு மூச்சுவிட்டு அடுத்ததில் சேரலாம். மூன்றாண்டை நினைத்து மலைக்கும் பிள்ளைக்கு ஆறு மாதம் எட்டிப்பிடிக்கக்கூடிய தூரம்.

கண்ணில்படாத இடர் வருகைப்பதிவு. 80 விழுக்காடு வருகை இல்லாதவருக்குத் தேர்வு எழுதும் உரிமையும் நிதியுதவிப் படியும் கேள்விக்குள்ளாகும். ஆறு மாதக் கட்டத்தில் நான்கு வார மருத்துவமனை வாசமே அந்த எல்லையைத் தொட்டுவிடும். மருத்துவச் சான்றை அன்றன்றே கொடுத்துப் பதிவுசெய்வது இங்கே பல்கலைக்கழகத்தைவிட முக்கியம். தேர்வுக்குப் பிறகு டிப்ளமோ பெற 18 மாதச் செய்முறை அனுபவம் வேண்டும் என்பதையும், அந்த இடத்தைத் தேடுவது பெரும்பாலும் மாணவர் தலையிலேயே விழுகிறது என்பதையும் சேரும் முன்பே கணக்கில் வையுங்கள்.

## லேர்னர்ஷிப்

1998ஆம் ஆண்டுத் திறன் மேம்பாட்டுச் சட்டம் கொண்டுவந்த இந்த ஒப்பந்தத்தில், பொதுவாகப் பன்னிரண்டு மாதம் வகுப்பும் வேலையும் கலந்து வரும், மாதம் சில ஆயிரம் ரேண்ட் படியும் கிடைக்கும். ஊனமுற்றவர்களுக்கென்றே விளம்பரப்படுத்தப்படும் லேர்னர்ஷிப்கள் நிறைய. காரணம் கருணை மட்டுமல்ல. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் நிறுவனம் ஆண்டுக்கு 40,000 ரேண்ட் வரிக்கழிவு பெறுகிறதென்றால், ஊனமுற்ற பயிற்சியாளருக்கு அது 60,000 ரேண்ட், முடித்துவைத்தால் மேலும் ஒரு தொகை. கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டு மதிப்பெண்ணும் கூடுகிறது, இந்தியர்களும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. நிறுவனத்துக்கு உங்கள் மகள் தேவைப்படுகிறாள் என்பது பேரம் பேசும் இடத்தைக் கொடுக்கிறது. அதே காரணத்தால், சான்றிதழை மட்டும் கொடுத்துப் பன்னிரண்டு மாதத்தில் அனுப்பிவிட்டு அடுத்தவரை எடுக்கும் இடங்களும் உண்டு. முடித்தவரை வேலைக்கு எடுக்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஒரு லேர்னர்ஷிப் முடிந்ததும் இன்னொன்று, அது முடிந்ததும் மற்றொன்று என்று அதே அலுவலக நிர்வாகச் சான்றிதழை வெவ்வேறு பெயர்களில் மூன்று முறை வாங்கிய இளைஞர்களை நம் ஊரில் பார்க்கலாம். நேர்காணலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சென்ற ஆண்டு இங்கே முடித்தவர்களில் எத்தனை பேர் இப்போது இங்கே வேலை செய்கிறார்கள்? பதில் தயங்கி வந்தால் புரிந்துகொள்ளலாம்.

ஊனமுற்றவர்களுக்கான லேர்னர்ஷிப்பில் நோயை மறைக்க முடியாது. மருத்துவர் கையெழுத்திட்ட சான்றும், இனம், பாலினம், ஊனம் ஆகியவற்றைக் கேட்கும் இஇஏ1 படிவமும் கோப்பில் இருக்கும். சுருக்கமான அந்தப் படிவத்தில் ஊனம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பல பிள்ளைகளின் பேனா நின்றுவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா 'வேண்டாம்' என்று தலையசைப்பதும் உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்பும்போது என்ன கிடைக்கிறது, என்ன வெளியே போகிறது என்பதை வீட்டில் பேசி முடித்துவிட்டுப் போக வேண்டும், அலுவலக மேசையில் முடிவெடுக்கக் கூடாது.

## வெளி வேலையும் கூட நிற்கும் ஒருவரும்

மேலே சொன்ன ஆதரவு வேலை முறையை முழு வடிவில் நடத்தும் நிலையங்கள் நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் அதன் உறுப்புகளைச் சேர்த்துக்கொள்ள முடியும். அரசு மருத்துவமனைகளில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கிறார். எந்த வேலை, எத்தனை மணிநேரம் தாங்கும் என்று மதிப்பிட்டுக் கடிதம் தரக்கூடியவர் அவர், ஆனால் நாம் கேட்டால்தான் தருவார். டர்பன் அண்ட் கோஸ்டல் மென்டல் ஹெல்த் அமைப்பில் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். சடாக் எனப்படும் தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்ற நோய்க் குழு தொலைபேசி ஆலோசனையும் ஆதரவுக் குழுக்களும் நடத்துகிறது.

இவற்றுக்கு நடுவே ஒரு மனிதர் வேண்டும்: வேலை தேடக் கூடப்போகிறவர், முதல் மாதம் தினமும் மாலையில் 'இன்று எப்படி இருந்தது' என்று கேட்கிறவர், மேலாளர் கூப்பிட்டால் பேசக்கூடியவர். அந்த மனிதர் அம்மாவாக இருக்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. மாத்திரை கொடுப்பவரும் வேலையை விசாரிப்பவரும் ஒருவரே என்றால் எல்லாப் பேச்சும் மாத்திரையில் போய் முடிகிறது. சித்தியோ, தாய்மாமனோ, வேலைக்குப் போகும் அக்காவோ நல்லது.

நோயைப் பற்றி எவ்வளவு சொல்வது? சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1998ஆம் ஆண்டின் 55ஆம் எண் வேலைச் சமத்துவச் சட்டம், வேலை பெறுவதையும் முன்னேறுவதையும் பெரிதும் தடுக்கும் நீண்டகால அல்லது மீண்டும் மீண்டும் வரும் மன பாதிப்பையும் ஊனமாகவே ஏற்கிறது. அதற்கேற்ற நியாயமான வசதிகளை முதலாளி செய்துதர வேண்டும். ஆனால் தெரியாத ஒன்றுக்கு அவர் வசதி செய்ய முடியாது. நான் பரிந்துரைக்கும் நடுவழி: விண்ணப்பத்தில் சொல்லாமல், வேலை உறுதியானபிறகு, நோயின் பெயரை விட்டுத் தேவையை எழுதிக் கேட்பது. 'நீண்டகால உடல்நலக் காரணத்தால் காலை 9.30க்குத் தொடங்கி மாலை 6 மணிக்கு முடிக்கவும், மாதம் ஒரு புதன்கிழமை காலை மருத்துவமனை செல்லவும் அனுமதி வேண்டும்' என்று ஒரு கடிதம் போதும். முதலாளி சான்று கேட்கலாம். கொடுத்ததை மற்றவரிடம் சொல்லக் கூடாது.

எந்த வேலை என்பதில் நோய்க்கேற்ற கவனம் தேவை. உம்ஷ்லாங்கா பக்கத்துக் கால் சென்டர்கள் மெட்ரிக் முடித்த இளையோரை நிறைய எடுக்கின்றன. இருமுனைக் கோளாறு உள்ளவருக்குத் தூக்கம் கெடுவதே நோயைக் கிளப்பிவிடும் என்பதால், எந்த நாட்டு வாடிக்கையாளர் என்று கேட்டுச் சேர வேண்டும். இங்கிலாந்து நமக்கு ஒன்றிரண்டு மணிநேரமே பின்னால், பகல் ஷிப்டாக முடிந்துவிடும். அமெரிக்கா என்றால் நள்ளிரவு தாண்டும். லித்தியம் எடுப்பவர் சூடான பேக்கரி, சலவைக்கூடம் போன்ற இடங்களில் உடல் வற்றவிட்டால் மருந்து இரத்தத்தில் ஏறி நச்சாகும். காவடி விரதத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மருத்துவரிடம் கேட்காமல் தண்ணீரைக் குறைக்கவே கூடாது.

மறைந்த செலவுகள் இரண்டு. முதலாவது, நோய்விடுப்பு: வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு 30 நாள் என்பது சட்டம், ஆனால் முதல் ஆறு மாதத்தில் 26 நாள் வேலைக்கு ஒரு நாள் மட்டுமே. புதிதாகச் சேர்ந்தவருக்கு நோய் திரும்பினால் சம்பளம் போகும், அதற்கென்று வீட்டில் ஒரு மாதப் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும். இரண்டாவது, மருத்துவக் காப்பீடு. மனச்சிதைவும் இருமுனைக் கோளாறும் எல்லாத் திட்டங்களும் கட்டாயம் ஏற்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் உள்ளன. ஆனாலும் புதிதாகச் சேருபவருக்குப் பொதுக் காத்திருப்பாக 3 மாதமும், முன்பே உள்ள நோய்க்கு 12 மாதம் வரையும் விதிக்க இடமுண்டு. அட்டை கைக்கு வந்ததும் அரசு கிளினிக் கோப்பை மூடிவிடாதீர்கள்.

காரணமின்றி நீக்கினால் 30 நாளுக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான சிசிஎம்ஏவில் புகார் கொடுக்க வேண்டும். நோயால் படுத்திருந்தபோது அந்த நாள்கள் கடந்துவிடுகின்றன என்பதால், கூட நிற்பவர் தேதியைக் கவனிக்கட்டும்.

## சொந்தக் கடை

கடை வைத்திருக்கும் குடும்பங்கள் முதலில் நினைப்பது இதைத்தான். நேரத்தை வளைக்கலாம், யாரிடமும் சொல்ல வேண்டாம், இடம் என்றைக்கும் இருக்கும். முதல் அளவுகோலில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை.

நடைமுறையில் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஓர் உதிரிபாகக் கடை. சாவிக்கொத்து அண்ணனின் இடுப்பில். தம்பி பின்னறையில் ஆயில் ஃபில்டர் பெட்டிகளை அளவுவாரியாக அடுக்குகிறான், வாடிக்கையாளர் வந்தால் முன்னே வரக் கூடாது. மாதக் கடைசியில் சம்பளம் கிடையாது, 'தேவைப்படும்போது கேள்' என்பார்கள். ஐந்து ஆண்டு உழைத்தவனிடம் ஒரு சம்பளச் சீட்டு இல்லை, வேலையின்மைக் காப்பீட்டில் ஒரு சதமும் கட்டப்படவில்லை, இன்னொரு முதலாளிக்குக் காட்ட ஒரு கடிதமும் இல்லை. அண்ணன் கெட்டவரல்லர், தம்பியைக் காப்பாற்றுவதாகவே நினைக்கிறார்.

கடை நல்ல வழியாக வேண்டுமானால் வெளியாளுக்குச் செய்வதைத் தம்பிக்கும் செய்ய வேண்டும்: எழுதிய வேலை, குறித்த நேரம், வங்கியில் விழும் சம்பளம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு புதிய பொறுப்பு. போதைப் பழக்கமும் சேர்ந்திருக்கும் பிள்ளையென்றால், குறிப்பாகச் சாட்ஸ்வர்த்தை உலுக்கிய, ஹெராயின் கலந்த மலிவுப் போதைப்பொருளான 'ஷுகர்ஸ்' போன்றது, கல்லாப் பொறுப்பும் கைக்காசும் எப்போது என்பதைச் சிகிச்சைக் குழுவோடு பேசி முடிவெடுக்க வேண்டும்.

## பாதுகாக்கப்பட்ட பட்டறை

மனநலச் சங்கங்கள் நடத்தும் பட்டறைகளில் பொட்டலம் கட்டுதல், பொருத்துதல் போன்ற வேலையும் சிறு ஊக்கத்தொகையும் கிடைக்கும். நோய் நன்றாக அடங்காதவருக்கும், வெளியே ஒரு மணிநேரம் தாக்குப்பிடிக்க முடியாதவருக்கும் இது நல்ல இடம். ஆனால் இங்கிருந்து வெளி வேலைக்குப் போகிறவர் குறைவு. 20 வயதுக்காரருக்கு இதை முதல் வழியாகச் சொல்லமாட்டேன்.

## ஒரே பார்வையில்

| வழி | நோய் திரும்பினால் | மறைந்த செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|
| வீட்டில் காத்திருத்தல் | இழக்க இடமே இல்லை | ஒழுங்கும் நட்பும் குலைதல் | மருத்துவமனை விட்ட முதல் வாரங்கள் |
| முழுநேரப் பல்கலைக்கழகம் | எழுதி நிறுத்தினால் இடம் நிற்கும் | நிதியுதவி ஆண்டுக் கணக்கு | ஓராண்டு அடங்கிய நோய் |
| யூனிசா | ஒன்றிரண்டு பாடமே போகும் | தனிமை | வேறு வேலையோடு சேர்ந்து படிப்பவர் |
| டிவெட் | ஆறு மாதக் கட்டம் போகும் | 80% வருகை, செய்முறை இடம் | கைத்தொழில், அலுவலக ஆர்வம் |
| லேர்னர்ஷிப் | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | முடிந்தபின் வேலை உறுதியில்லை | நோயைச் சொல்லத் தயாரானவர் |
| வெளி வேலை, துணையோடு | முதல் ஆறு மாதம் ஆபத்து | சம்பளமில்லா விடுப்பு | வேலை வேண்டும் என்று தானே கேட்பவர் |
| சொந்தக் கடை | இடம் எப்போதும் உண்டு | சான்றில்லா உழைப்பு | முறையான சம்பளம் தரும் குடும்பம் |
| பட்டறை | இடம் நிற்கும் | வெளியேறும் வழி குறைவு | நோய் அடங்காதவர் |

## சாசா உதவித்தொகையை என்ன செய்வது

அரசின் சமூக உதவி முகமையான சாசா 18 முதல் 59 வயதுவரை தரும் ஊனமுற்றோர் உதவித்தொகை 2025இல் மாதம் சுமார் 2,300 ரேண்ட். வீட்டு வாடகைக்கே அதை நம்பியிருக்கும் குடும்பம், பிள்ளை வேலைக்குப் போனால் அது போய்விடுமே என்று அஞ்சுவதில் தவறில்லை. தற்காலிக உதவித்தொகை 6 முதல் 12 மாதத்தில் தானாகவே முடிகிறது. தொடர வேண்டுமானால் மூன்று மாதத்துக்குள் எடுத்த மருத்துவ அறிக்கையோடு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே அது எப்படியும் நிலையானதல்ல. வருமானச் சோதனை உண்டு என்பதால் லேர்னர்ஷிப் படியையும் சம்பளத்தையும் சாசாவுக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்துவிட்டுப் பிறகு மாட்டினால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட நேரும்.

என் கணக்கு இது: பகுதிநேர வேலையும் உதவித்தொகையும் வரம்புக்குள் சேர்ந்து நிற்குமானால் முதல் ஆண்டு அப்படித் தொடங்குங்கள். முழுநேர வேலை வந்தால், பழைய மருத்துவ அறிக்கைகளின் நகல்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உதவித்தொகையை விடுங்கள். மீண்டும் தேவைப்படும் நாளில் அந்த நகல்கள் மாதக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும். நிராகரித்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

## எதில் தொடங்குவது

மெட்ரிக் முடித்து, நோய் வந்து ஓராண்டுகூட ஆகாத 19 வயதுப் பிள்ளைக்கு வாரம் இரண்டு மூன்று நாள் வெளி வேலையும், அடுத்த ஆண்டுக்கு யூனிசாவில் ஒரு பாடமோ டிவெட்டில் ஒரு கட்டமோ என்பது என் முதல் பரிந்துரை. பல்கலைக்கழகத்தில் இரண்டாமாண்டில் விழுந்தவருக்கு அங்கேயே இடைநிறுத்தம் கேட்டுத் திரும்பப் போவதுதான் புதிதாக எதையும் தொடங்குவதைவிட நல்லது, தேறிய பாடங்கள் கையில் இருக்கின்றன. 25 தாண்டி ஒரு நாள்கூட வேலைக்குப் போகாதவருக்குப் படிப்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, லேர்னர்ஷிப்பையோ முறைப்படுத்திய கடை வேலையையோ பாருங்கள்.

இந்த மாதமே செய்யக்கூடியவை சில. அடுத்த கிளினிக் நாளில் பிள்ளையே மருத்துவரிடம் இரண்டைக் கேட்கட்டும்: இரவு மாத்திரையின் நேரத்தை முன்னே தள்ள முடியுமா, ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைக்குமா. நேட்டாலில் பல்கலைக்கழக விண்ணப்பங்கள் போகும் மத்திய விண்ணப்ப அலுவலகத்தின் வழக்கமான கடைசி நாள் செப்டம்பர் 30. அதற்குள் விண்ணப்பித்துவிட்டு ஜனவரியில் போக வேண்டாம் என்று முடிவெடுப்பதால் நட்டம் விண்ணப்பக் கட்டணம் மட்டுமே, விண்ணப்பிக்காமல் விட்டால் ஓர் ஆண்டு.